இரண்டு குழந்தைகளும் ஒரு தள்ளுவண்டியும்

வீட்டில் ஒரு குழந்தை இருக்கும்வரை தாய்க்கு ஒரு கை மிச்சமாக இருக்கும். ஒரு கையாற் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறு கையாற் கதவைத் திறப்பாள், குடையைப் பிடிப்பாள், கடையிலே காசை எண்ணிக் கொடுப்பாள். இரண்டாவது குழந்தை பிறந்த அன்றே அந்த மிச்சக் கையும் போய்விடுகின்றது. "மூத்தது நடக்கிற பிள்ளைதானே" என்று பிறர் எளிதாகச் சொல்லிவிடுவர். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஓடவுந் தெரியும். நடுத்தெருவில் நின்று "தூக்கு" என்று அடம்பிடிக்கவுந் தெரியும். இதனைத் தாய் ஒருத்தியே அறிவாள்.

"எங்கள் காலத்தில் தள்ளுவண்டி வைத்தா பிள்ளை வளர்த்தோம்?" என்று கேட்கும் மாமிமாரும் உளர். அவர்கள் சொல்வது உண்மையே. ஆனால் அவர்கள் காலத்தில் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒரு பிள்ளை அம்மம்மாவின் மடியில் இருக்கும். மற்றது சின்னம்மாவின் இடுப்பில் இருக்கும். ஏணையை ஆட்டுவதற்கு அயல்வீட்டுப் பெண்பிள்ளை வருவாள். இன்று கொழும்பிலே தொடர்மாடி வீடுகளில், கணவன் தொழிலுக்குப் போனபின் இரண்டு குழந்தைகளோடு தனித்திருக்கும் இளந்தாய்மார் பலர். அவர்களுக்காகவே இவ்வாரம் இரட்டைத் தள்ளுவண்டியைப் பற்றி எழுதுகின்றேன்.

எனது பெறாமகள் ஒருத்தி வெள்ளவத்தையிலே தொடர்மாடியொன்றின் நான்காம் மாடியில் வசிக்கின்றாள். மூத்தவனுக்கு இரண்டு வயதும் ஒரு மாதமும். இளையவளுக்கு அப்போது இரண்டரை மாதம். மருமகனுக்கு வெளியூரில் உத்தியோகம். வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை திரும்புவார். ஒருநாள் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். சின்னவளின் இரண்டாம் மாதத் தடுப்பூசி பன்னிரண்டு நாள் பிந்திப் போடப்பட்டதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நமது நாட்டிலே இரண்டு, நான்கு, ஆறு ஆகிய மாதங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி போடப்படுகின்றது என்பதும், குக்கல் போன்ற நோய் பச்சைக் குழந்தைக்கு எத்துணைக் கொடியது என்பதும் நேயர்கள் அறிந்தவையே. ஆதலால் அவளைச் சற்றுக் கடிந்துகொண்டேன்.

"பெரியம்மா, கிளினிக் வைப்பது கிழமை நாளில். இரண்டையும் கொண்டு நான் எப்படிப் போவது? ஒருநாள் வெளிக்கிட்டுக் கேற்றடிவரை வந்தேன். இவன் கையை உதறிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டான். பயந்துபோய்த் திரும்பி மேலே வந்துவிட்டேன்" என்றாள்.

அதன்பின் நான் கடிந்துகொள்ளவில்லை. பிறகு விசாரித்தபோதுதான், மருமகன் வராத நாட்களில் அவள் வீட்டைவிட்டு வெளியே இறங்குவதேயில்லை என்பதும் தெரிந்தது. காற்றும் வெளிச்சமும் குழந்தைகளுக்கு மாத்திரமன்றித் தாய்க்கும் வேண்டியவை. மகப்பேற்றின்பின் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டிருக்கும் பெண்ணின் மனம் சோர்ந்துபோவதை நாம் அலட்சியஞ் செய்தலாகாது.

கனடாவிலிருக்கும் அவளுடைய அண்ணன், "எந்த வண்டி வேண்டுமென்று சொல்லு, அனுப்புகிறேன்" என்று ஐந்து வண்டிகளின் படங்களைத் தொலைபேசியில் அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அழகு. "எது நல்லது, பெரியம்மா?" என்று கேட்டாள். "எது நல்லது என்று கேளாதே, பிள்ளை. யாருடைய உதவியுமில்லாமல், நீ ஒருத்தியே இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பி வருவதற்கு எது உதவும் என்று கேள்" என்றேன். இரட்டைத் தள்ளுவண்டிக்கு உரைகல் இஃது ஒன்றே. கணவனுங் கூடவருகின்ற ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த வண்டியும் போதும். தனியே போகவேண்டிய செவ்வாய்க்கிழமைக்கு உதவும் வண்டியே வாங்கத்தக்க வண்டி.

முதலாவதாக, இரட்டை வண்டி உண்மையில் வேண்டுமா என்பதை ஆராய்தல் வேண்டும். மூத்த பிள்ளைக்குப் பயன்பட்ட ஒற்றை வண்டி பல வீடுகளில் உண்டு. மூத்ததை அதில் இருத்தி, கைக்குழந்தையை அணைதுணியால் மார்போடு கட்டிக்கொண்டு போதல் மிகச் சிக்கனமான வழி. அப்படிக் கட்டும்போது குழந்தையின் முகம் எந்நேரமும் தாயின் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். குனிந்து உச்சி முகரக்கூடிய உயரத்தில் இருத்தல் வேண்டும். நாடி மார்பில் அழுந்தி மூச்சுத் தடைப்படலாகாது. என் பெறாமகளுக்கு இவ்வழி ஒத்துவரவில்லை. சத்திரசிகிச்சையினாற் பிள்ளை பெற்றவள். கால்மணி நேரம் சுமந்தால் இடுப்பு நோகின்றது என்றாள். நோவைப் பொறுத்துக்கொண்டு சுமக்கும்படி நான் எவர்க்கும் சொல்லமாட்டேன்.

மற்றொரு வழி, ஒற்றை வண்டியின் பின்னே ஒரு படிப்பலகையைக் கொழுவி, மூத்த பிள்ளையை அதன்மேல் நிற்கவிடுவது. இப்பலகைகளிற் பல 20 கிலோகிராம் வரை தாங்கக்கூடியவை. மூன்று வயதை அண்டிய, சொன்னசொற் கேட்கும் பிள்ளைக்கு இது போதும். இரண்டு வயதுப் பிள்ளையோ போகும்போது நிற்கும். திரும்பும்போது நித்திரை தூங்கும். நித்திரை தூங்கும் பிள்ளையைப் பலகையில் நிறுத்த முடியாது. மூத்த பிள்ளைக்கு இன்னும் பகல் நித்திரை உண்டு என்றால், அதற்கும் ஓர் ஆசனம் வேண்டும் என்பது என் கருத்து.

இனி இரட்டை வண்டிகளுக்கு வருவோம். அவை பெரும்பாலும் இருவகை. ஒன்றில் ஆசனங்கள் அருகருகே இருக்கும். மற்றதில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். அருகருகே அமைந்த வண்டியில் இரு பிள்ளைகளும் ஒரேயளவாகத் தெருவைப் பார்ப்பர். இரு ஆசனங்களும் ஒரே மாதிரிச் சாயும். நடைபாதை விளிம்பில் முன்சில்லுகளை உயர்த்துவதும் எளிது. அதன் குறை அகலமே. இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் 72 முதல் 80 சென்ரிமீற்றர் வரை அகலமுடையவை. ஒருபுறம் 12 கிலோகிராம் பிள்ளையும் மறுபுறம் 5 கிலோகிராம் பிள்ளையும் இருந்தால், வண்டி சற்றே ஒரு பக்கம் இழுக்கும் என்பதையும் நினைவில் வைத்தல் நன்று.

முன்பின்னாக அமைந்த வண்டி ஏறத்தாழ ஒற்றை வண்டியின் அகலமே உடையது. 60 அல்லது 65 சென்ரிமீற்றருக்குள் அடங்குவன பல. ஆனால் நீளங் கூடும். முன்னாசனத்திலே பாரமான பிள்ளை இருப்பின், கைபிடியை அழுத்தி முன்சில்லைத் தூக்குவதற்குப் பலம் வேண்டும். அன்றியும், சிலவற்றில் ஓர் ஆசனம் மற்றதன் அடியிலே பெட்டிபோல் ஒடுங்கியிருக்கும். அங்கிருக்கும் பிள்ளைக்குக் காலை நீட்டவும் இடம் இராது, பார்க்கவும் வழி இராது. படத்தில் இது தெரிவதில்லை. ஆசனத்தின் உயரம், முதுகுச் சாய்மானம், ஏற்கக்கூடிய நிறை ஆகிய மூன்றையும் இரண்டு ஆசனங்களுக்குந் தனித்தனியே கேட்டறிதல் வேண்டும்.

இவ்விரண்டில் எதைக் கொள்வது? இங்கே நான் ஒரு சிறு உபாயஞ் சொன்னேன். செலவில்லாத உபாயம். பழைய தும்புத்தடியின் பிடியொன்றை 76 சென்ரிமீற்றர் நீளத்துக்கும், மற்றொன்றை 62 சென்ரிமீற்றர் நீளத்துக்கும் அறுத்து வைத்தோம். ஞாயிறு காலை, பிள்ளைகளை மருமகனிடம் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் அத்தடிகளைக் குறுக்கே பிடித்தபடி, அவள் வழக்கமாகப் போகவேண்டிய இடங்களுக்கெல்லாம் நடந்தோம். தடி எங்கே முட்டுகின்றதோ அங்கே வண்டியும் முட்டும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கொத்தனார் வேலையா என்று காவலாளி கேட்டார். ஆனால் அந்த அரைமணி நேரத்தில் அறிந்ததை எந்தக் கடைக்காரரும் எங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்.

வீட்டு வாசலால் இரண்டு தடிகளும் போயின. மின்தூக்கியின் கதவு 80 சென்ரிமீற்றர். நீண்ட தடியும் போயிற்று, பக்கத்துக்கு ஒரு விரல் இடைவெளியோடு. கீழே வந்ததும் சங்கடம் தொடங்கியது. தொடர்மாடியின் பெரிய கேற் வாகனம் வரும்போது மாத்திரமே திறக்கப்படும். ஆட்கள் போவதற்கு ஓரத்திலே ஒரு சிறு கதவு உண்டு. அதன் அகலம் 70 சென்ரிமீற்றர். நீண்ட தடி முட்டிக்கொண்டது. காவலாளி இருக்கும்போது பெரிய கேற்றைத் திறந்துவிடுவார்தான். ஆனால் அவர் தேநீர் குடிக்கப் போனால் இவள் குழந்தைகளோடு வெயிலில் நிற்கவேண்டும். ஒழுங்கையில் மின்கம்பத்துக்கும் மதிலுக்கும் இடையே ஒருமுறையும், மருந்துக் கடையின் வாசலில் மறுமுறையும் அத்தடி முட்டியது. சிறிய தடி எங்கும் முட்டவில்லை. அண்ணன் அனுப்பிய படங்களிலே அவள் மிகவும் ஆசைப்பட்டது அருகருகே ஆசனம் அமைந்த நீலநிற வண்டியொன்று. திரும்பி வரும்போது அதைப்பற்றி அவள் பேசவில்லை.

ஒடுங்கிய வண்டி என்று தீர்மானித்தபின் நீளத்தையும் அளந்தோம். எட்டுப் பேர் ஏறத்தக்க அந்த மின்தூக்கியின் உள்ளே அகலம் 110 சென்ரிமீற்றர்; ஆழம் 140. வண்டியின் நீளம் 115 என்று கொண்டால், தாய் அதன் பின்னே நிற்பதற்கு இடம் போதாது. ஆனால் வண்டி 62 சென்ரிமீற்றர் அகலமே ஆதலால், பக்கத்திலே 48 சென்ரிமீற்றர் மிஞ்சும்; அங்கே நின்றுகொள்ளலாம். இப்படி ஒருமுறை கணக்கிட்டுக்கொண்டால் பின்னர் மனம் வருந்த நேராது. நுழைவாயிலில் மூன்று படிகள் இருந்தன. வாகனம் இறங்குஞ் சாய்வுப்பாதை வழியே போகலாம் என்பதையும் அன்றே கண்டுகொண்டோம்.

நிறையைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்லுகின்றேன். இரட்டை வண்டி ஏறத்தாழ 15 கிலோகிராம். இரண்டு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 12. நான்கு மாதக் குழந்தை 6. அணையாடையும் தண்ணீரும் கொண்ட பை 3. மொத்தம் 36 கிலோகிராம். சமதரையிலே இதனை ஒரு கையால் தள்ளலாம். படிகளிலே ஒரு பெண் தனியே தூக்க முடியாது. ஆதலால் படியுள்ள வீட்டில் மின்தூக்கியோ சாய்வுப்பாதையோ இல்லையாயின், இரட்டை வண்டி வாங்குமுன் இருமுறை யோசித்தல் நலம். நமது பேருந்துகளில் ஏற்றுவதற்கென்றும் இதனை வாங்கற்க. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, வண்டியை மடக்கி, உயர்ந்த படியில் ஏற்றுவது ஒருத்தியால் ஆகாது. முச்சக்கர வண்டியின் பின்புறத்துச் சிறு இடத்திலும் இரட்டை வண்டி பெரும்பாலும் அடங்காது. இவ்வண்டி கால் நடைக்கு எட்டிய தூரத்துக்கு உரியது.

மடக்கும் வண்டி நமக்குக் கிடைத்த வரலாறு சுவையானது. 1733ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வில்லியம் கென்ற் என்பார் டெவன்சயர்க் கோமகனின் பிள்ளைகளுக்காக ஒரு குழந்தை வண்டி அமைத்தார். சிப்பி வடிவான அவ்வண்டியை ஆடோ சிறு குதிரையோ இழுத்துச் செல்லும். அதன்பின் நெடுங்காலம் குழந்தை வண்டி என்றால் பாரமான பெட்டியே. ஓவன் மக்ளாரன் என்னும் விமானப் பொறியியலாளர், இரண்டாம் உலகப் போரிற் புகழ்பெற்ற ஸ்பிற்பயர் விமானத்தின் சில்லுத்தொகுதியை வடிவமைத்தவர், பேரப்பிள்ளை கண்டவர். வெளிநாட்டிலிருந்து குழந்தையோடு வந்த தம் மகள் பாரமான வண்டியோடு படும் பாட்டைக் கண்டு, அலுமினியக் குழாய்களைக் கொண்டு குடைபோல மடங்கும் வண்டியை அமைத்து, 1965ஆம் ஆண்டிலே அதற்குக் காப்புரிமை கோரினார். இன்று நாம் கையாளும் மெல்லிய மடக்கு வண்டிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

மடங்குகின்ற பொருளுக்கு ஒரு தீங்கும் உண்டு. மடக்கும் பிணைச்சலில் சிறுவிரல் அகப்பட்டால் துண்டிக்கப்படவுங் கூடும். இக்காரணத்தால் 2009ஆம் ஆண்டு நவம்பரில், ஐக்கிய அமெரிக்காவிலே ஏறத்தாழப் பத்து இலட்சம் வண்டிகளுக்குப் பிணைச்சல் மூடிகள் வழங்கவேண்டி வந்தது. வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் மூத்த பிள்ளையை ஓரடி தள்ளி நிறுத்துங்கள். "கையைக் கட்டிக்கொண்டு நில்" என்று பழக்கினால் அதுவே ஒரு விளையாட்டாகிவிடும். பழைய வண்டி வாங்குவோர் பிணைச்சல், பூட்டு, பட்டி, தடை ஆகிய நான்கையும் சோதித்தே வாங்குதல் வேண்டும். தடையைச் சோதிப்பதற்கு, ஒரு சிறு அரிசி மூடையை ஆசனத்தில் வைத்து, சரிவான இடத்திலே தடையைப் போட்டுவிட்டுப் பாருங்கள். மூடை அசையாதிருந்தால் பிள்ளையை ஏற்றலாம்.

கைக்குழந்தையின் ஆசனத்தைப் பற்றி மிகக் கவனமாயிருத்தல் வேண்டும். கழுத்து நிற்காத குழந்தையை நிமிர்ந்த ஆசனத்தில் இருத்தினால், தலை முன்னே கவிழ்ந்து மூச்சுக்குழல் ஒடுங்கும். ஆதலால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஆசனம் ஏறத்தாழப் படுக்கையாகச் சாயவேண்டும். ஆசனத்துக்கும் சாய்மானத்துக்கும் இடைப்பட்ட கோணம் 150 பாகைக்குக் குறையலாகாது என்பது ஈ.என். 1888 என்னும் ஐரோப்பிய நியமத்தின் விதி. முன்பின்னாக அமைந்த இரட்டை வண்டிகள் பலவற்றில் இரண்டு ஆசனங்களில் ஒன்று மாத்திரமே இவ்வாறு சாயும். சிலவற்றில் ஒன்றுமே சாயாது. "பிறந்த நாள் முதல்" என்று எழுதியிருந்தால், அஃது எந்த ஆசனத்தைக் குறிக்கின்றது என்று கேளுங்கள். வண்டியிற் குழந்தை உறங்கிவிட்டால், வீடு வந்ததும் தொட்டிலுக்கு மாற்றிவிடுவதே முறை. வண்டி உறங்கும் இடமன்று.

இரு பிள்ளைகளுக்கும் தோளிரண்டு, இடுப்பிரண்டு, கால்களிடையொன்று என ஐந்து முனைப் பட்டி இருத்தல் வேண்டும். முன்னேயுள்ள கைத்தடுப்பு பட்டிக்கு ஈடாகாது. "கிட்டத்தானே போகிறோம்" என்று பட்டியைக் கட்டாது விடுதல் தவறு. பைகளைக் கைபிடியிலே தொங்கவிடுதல் இன்னொரு தவறு. முன்னாசனப் பிள்ளையை இறக்கியவுடன் முன்பாரம் நீங்கும். கைபிடியிலுள்ள பை வண்டியைப் பின்னே சாய்த்துவிடும். பாரமெல்லாம் கீழேயுள்ள கூடைக்குள்ளேயே இருக்கட்டும். எந்தப் பிள்ளையை முதலில் ஏற்றுவது, எதனை முதலில் இறக்குவது என்று வண்டியோடு வருங் கைந்நூலிற் சொல்லியிருந்தால் அதன்படி ஒழுகுங்கள்.

வெள்ளவத்தைப் பக்கத்தாருக்கென்று தனியாக ஒன்று சொல்லவேண்டும். மாலையிலே கடற்காற்று வாங்கப் போவோர் புகையிரதப் பாதையைக் கடக்கின்றனர். தண்டவாளத்தின் ஓரத்து இடுக்கிலே வண்டியின் சிறிய முன்சில்லுகள் அகப்பட்டுக்கொள்ளுதல் கூடும். உரிய கடவையிலன்றி வேறெங்கும் கடவாதீர்கள். தண்டவாளத்துக்கு நேர்குத்தாக வண்டியைத் திருப்பி, முன்சில்லைச் சற்றே உயர்த்திக் கடந்துவிடுங்கள். புகையிரத மேடையிலே நிற்கும்போது, வண்டியைத் தண்டவாளத்தை நோக்கி நிறுத்தாது பக்கவாட்டில் நிறுத்தித் தடையைப் போடுங்கள். கைப்பட்டி இருந்தால் மணிக்கட்டிலே மாட்டிக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கு அஞ்சி வண்டி முழுவதையும் துணியால் மூடுதல் பலர் செய்வது. உள்ளே காற்று ஓடாமல் வெப்பம் ஏறிவிடும். 2023ஆம் ஆண்டிலே சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளரும் உலர்ந்த மெல்லிய துணியால் மூடிய வண்டியினுள் வெப்பங் கூடுவதையே கண்டனர். பந்தல்போன்ற மேல்மூடியும் பக்கக் காற்றோட்டமும் உள்ள வண்டியைத் தெரிந்து, காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கரைக்குப் பின்னும் வெளியே போதல் நன்று. வாகனப் புகையும் தரைக்கு அண்மையிலேயே அடர்ந்திருக்கும். ஆதலால் தாழ்ந்த ஆசனத்திலுள்ள பிள்ளையே அதனை அதிகம் சுவாசிக்கின்றது. காலி வீதியின் ஓரமாகப் போவதைவிட, ஒழுங்கைகளின் வழியே கால்மணி கூடுதலாக நடப்பது நல்லது. வீதியைக் கடக்கக் காத்துநிற்கும்போது வண்டியை விளிம்பிலிருந்து இரண்டடி பின்னே வைத்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் வண்டியின் காரியம். பிள்ளையின் மனமும் ஒன்றுண்டு. மூத்தவனுடைய பழைய ஒற்றை வண்டியிலே ஒருநாள் சின்னவளைக் கிடத்தியபோது அவன் தேம்பித் தேம்பி அழுதானாம். தாயின் மடி போயிற்று, தொட்டில் போயிற்று, இப்போது வண்டியும் போயிற்று என்று அவனுக்குப் பட்டிருக்கும். ஆகவே புதுவண்டி வருமுன்பே அவனிடம் சொல்லி வைத்தோம்: "முன்னாசனம் உனக்கு. தங்கச்சி சின்னவள், அவளுக்கு ஒன்றுந் தெரியாது. நீ முன்னுக்கு இருந்து வழி பார்க்கவேண்டும்." இது வெறும் ஆசைவார்த்தையன்று, அவ்வண்டியிலே படுக்கையாகச் சாய்வது பின்னாசனமே. ஆயினும் அவனுக்கு அது பட்டம் கட்டியதுபோல் இருந்தது.

உறவினர் ஒருவர் கனடாவிலிருந்து வரும்போது வண்டியும் வந்துசேர்ந்தது. நீலமன்று, சாம்பல் நிறம். பார்வைக்கு அத்துணை அழகென்று சொல்ல முடியாது. முதல் ஒரு வாரம் தொடர்மாடியின் முற்றத்திலேயே பழகினாள். வெறும் வண்டியில் அரிசி மூடையை ஏற்றி விளிம்பேற்றப் பழகினாள். ஒரு காலாலே தடைபோடப் பழகினாள். பட்டி பூட்டுவதை முகத்தைப் பாராமலே செய்யப் பழகினாள். புது வண்டி வாங்கும் தாய்மார் யாவரும் இப்படி ஒரு வாரம் பழகியபின்பே தெருவுக்கு இறங்குதல் நன்று.

நான்காம் மாதத் தடுப்பூசிக்குரிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. துணைக்கு வரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், பெரியம்மா. தனியாகப் போய்ப் பார்க்கிறேன்" என்றாள். பத்தரை மணிவரை தொலைபேசியின் அருகிலேயே இருந்தேன். என் அடுக்களை வேலை ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அழைத்தாள். சின்னவள் ஊசிக்கு ஒரு குரல் அழுததாகவும், வரும் வழியில் உறங்கிவிட்டதாகவும் சொன்னாள். கிளினிக்கிலே மருத்துவ மாது மூத்தவனிடம் "யாரோடு வந்தீர்கள்?" என்று கேட்டாராம். "நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்" என்றானாம். சிறு கதவால் வண்டி இலேசாகப் போயிற்றா என்று கேட்டேன். "அதை நான் கவனிக்கவே இல்லையே, பெரியம்மா" என்றாள். அந்த மறுமொழி எனக்குப் போதும்.

இன்னும் ஓராண்டில் மூத்தவன் ஆசனத்தை வெறுத்து, நடந்தே வருவேன் என்று நிற்பான். இரட்டை வண்டியின் ஆயுள் அவ்வளவே. ஆதலால் கடன்பட்டு விலையுயர்ந்ததை வாங்கவேண்டியதில்லை. வாங்கியதை மூலையிலே பூட்டி வைக்கவேண்டியதுமில்லை. நன்றாகத் துடைத்து, பட்டிகளைத் தோய்த்துக் காயவைத்து, கைந்நூலையும் சேர்த்துக்கட்டி, அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது அந்த இரண்டு தும்புத்தடித் துண்டுகளையும் கூடவே கொடுக்க மறவாதீர்கள்.